சராந்தோஸ் கேட்டு வாங்கிய ஒப்பாரி

எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் கோயில் மணிக்கயிற்றைப் பிடிப்பது நான். அடுத்து ஆள் ஓடுவது தியாமாந்தோ வீட்டுக்கு. சாமியார் வந்தாரா என்று அதற்கப்புறம்தான் கேட்பார்கள். அவள் கறுப்புத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தால்தான் கிரேக்க நாட்டுக் கோடியில், எங்கள் மானிப் பக்கத்தில் செத்தவர் செத்தவராகக் கணக்கு.

அவள் அம்மாவும் ஒப்பாரிக்காரிதான். ஆனால் தியாமாந்தோ அம்மாவிடம் கற்றுக்கொள்ளவில்லை. கடலுக்குப் போன அண்ணன் உடலாகக் கரை சேர்ந்த அன்று, அம்மாவுக்குப் பாட்டுப் பாதியில் குரல் நின்றுபோனது. ஆடு மேய்த்துவிட்டு வந்த இந்தப் பெண் கையிலிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டு, அம்மா விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாளாம். அன்றிலிருந்து அவளை எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். பிற்பாடு கொத்தனார் அர்கிரிஸைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நாள் பிள்ளையில்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு முழங்காலிலேயே குன்று ஏறினாள். பிறகு பிறந்தவள்தான் லெமோனியா.

ஒப்பாரிக்கு எங்கள் பக்கம் சில கட்டுப்பாடு உண்டு. பாடுகிறவளை யாரும் நிறுத்தக்கூடாது. சாமியாரே வாசலில் காத்திருப்பார். யார் அவளை அழைத்தானோ அவன் கடைசி அடி வரைக்கும் தலைமாட்டில் நிற்க வேண்டும். பாட்டில் ஒருவன் பெயர் வந்தால் அவன் நின்று கேட்டுத்தான் ஆகவேண்டும். பாதியில் வெளியே போனால் சொன்னதை ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம். வேலியை நகர்த்தியவன், தம்பி பங்கை விழுங்கியவன், எல்லோரும் இப்படித்தான் எங்கள் ஊரில் அகப்பட்டார்கள். கோர்ட்டில் தோற்றவன் மேல்கோர்ட்டுக்குப் போவான். ஒப்பாரியில் தோற்றவன் எங்கே போவான்? ஆனால் செத்தவர் ஒருவர் எதிரே இருக்கவேண்டும். ஆளில்லாமல் பாடினால் அது ஒப்பாரி இல்லை, தெருச்சண்டை.

இனி சராந்தோஸ். லெமோனியாவுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரிலிருந்து குழந்தையைத் தூக்கி, எண்ணெய் பூசி, பெயர் வைத்தவர். அப்படிச் செய்தவர் எங்களுக்குக் கூடப்பிறந்தவரைவிட மேல். அந்த உறவில் ஆண் கும்பாரோ, பெண் கும்பாரா; ஆணைக் கும்பாரே என்று கூப்பிடுவோம். அவர் வீட்டில் உப்பு இல்லையென்றால் நம் வீட்டில் கறி இறங்காது, அப்படி ஓர் உறவு.

லெமோனியாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை லாம்ப்ரோஸ், பஸ் ஓட்டுகிற பையன், நல்லவன். பெண்ணுக்கு வீடு கட்டித் தரவேண்டும் என்பது பேச்சு. அர்கிரிஸ் தன் கையாலேயே அஸ்திவாரம் தோண்டினார். ஒரு மூலையில் கடப்பாரை 'ணங்' என்றது. பார்த்தால் பழங்காலத்து வெள்ளைக்கல், மேலே ஏதோ செதுக்கியிருந்தது. எங்கள் பக்கம் எந்த மண்ணைக் கிளறினாலும் இப்படி ஒன்று கிடக்கும். தொல்பொருள் இலாகாவுக்குத் தெரிந்தால் கயிறு கட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் அந்த இடத்தில் பேரப்பிள்ளைதான் வீடு கட்டவேண்டும். சட்டப்படி சொல்லத்தான் வேண்டும். ஆனால் யார் சொல்கிறார்கள்? அர்கிரிஸ் கும்பாரோவைக் கூப்பிட்டார். இருவருமாகச் சேர்ந்து கல்லைச் சாக்கால் மூடி, மேலே மண்ணைத் தள்ளினார்கள். திங்கட்கிழமை கான்கிரீட் போட்டுவிடுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை கான்கிரீட் வண்டிக்கு முன்னால் இலாகா வண்டி வந்தது. வந்தவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே அந்த மூலைக்குப் போனார்கள், மண்ணை ஒதுக்கினார்கள், சாக்கைத் தூக்கினார்கள். மூடியது இரண்டு பேர். ஒருவர் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மற்றவர் அன்றைக்குப் பார்த்து ஊரில் இல்லை.

லாம்ப்ரோஸின் அம்மா ஒரு வருஷம் பொறுத்தாள், இரண்டு வருஷம் பொறுத்தாள். வீடில்லாத பெண் எதற்கு என்றாள். கல்யாணம் நின்றது. அடுத்த அறுவடைக்குள் லாம்ப்ரோஸ் தலையில் கல்யாணக் கிரீடம் ஏறியது. பெண், சராந்தோஸின் மகள் தெஸ்பூலா. லெமோனியா ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து போனாள், இன்றுவரை வரவில்லை. இதெல்லாம் முடிந்த பிறகு இலாகாவிலிருந்து செய்தி வந்தது: கல்லை எடுத்துக்கொண்டோம், வேறு ஒன்றுமில்லை, நீங்கள் கட்டிக்கொள்ளலாம். யாருக்குக் கட்டுவது? அந்தக் குழியில் இப்போது அத்திச்செடி முளைத்திருக்கிறது.

அர்கிரிஸ் அந்த ஏக்கத்திலேயே போனார். போகும்முன் மனைவி கையைப் பிடித்து, "என் பெட்டிமேல வெச்சு அவன் பேரை எடுக்காதே. நான் சத்தமில்லாமப் போறேன்" என்று கேட்டுக்கொண்டார். தியாமாந்தோ வாக்குக் காத்தாள். அன்று அவள் பாடிய பாட்டுக்கு எங்கள் ஊர்ப் பாறை கூடக் கசிந்தது, ஆனால் சராந்தோஸ் பெயர் வரவில்லை. அவர் தலைமாட்டில் நின்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு விம்மினார்.

"அழுதானே ஸ்டமாட்டா," என்றாள் என்னிடம், மண்ணைப் போட்டுவிட்டு வரும்போது. "அவன் செஞ்சதைக் கூட ஜீரணிச்சிருவேன். அழுதான் பாரு, அது தொண்டையிலயே நிக்குது."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வேலை, காத்திருப்பது. சராந்தோஸ் சாகவேண்டும், அவருடைய பெட்டியின் பக்கத்தில் அவள் உட்காரவேண்டும், ஊர் முன்னால் சொல்லவேண்டும். கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுவாள். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "அவன் எனக்கு முந்தணும்" என்பாள். அவள் தலை மறைந்ததும் நான் அதை ஊதி அணைத்துவிடுவேன். ஆண்டவர் வீட்டில் அப்படி ஒரு வேண்டுதல் எரியலாமா? ஆனால் சராந்தோஸுக்கு மெழுகுவத்தி எரிந்தாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான். காலையில் பச்சை வெங்காயம் தின்று ஒலிவமரத்தில் ஏறுகிற மனிதர். நெஞ்சு பலகீனமானது தியாமாந்தோவுக்குத்தான். கலமாட்டா டவுனில் டாக்டர் பார்த்துவிட்டு, கோபப்படாதே, குன்று ஏறாதே என்றாராம். "ரெண்டுல எதை விடட்டும்னு கேட்டேன், சிரிக்கிறான்" என்றாள்.

ஈஸ்டரை நாங்கள் பாஸ்கா என்போம்; அது முடிந்து வருகிற ஒரு சனிக்கிழமை எங்கள் கோயிலிலிருந்து பஸ் வைத்து ஊர் சுற்றப் போவோம். ஒரு வருஷம் மடம், ஒரு வருஷம் பழைய இடிபாடுகள். கோயில் கமிட்டித் தலைவர் சராந்தோஸ்தான் ஏற்பாடு. ஓட்டுவது மருமகன் லாம்ப்ரோஸ். சராந்தோஸ் போகிற இடத்துக்குத் தியாமாந்தோ போகமாட்டாள். ஆனால் போன வருஷம் போனாள். காலையில் பார்த்தால் இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையோடு பஸ்ஸில் நிற்கிறாள்.

"நீ எங்க வர்ற?" என்றேன்.

"ஏன், எனக்குக் கல்லுப் பார்க்க ஆசை இருக்கக்கூடாதா?" பக்கத்தில் உட்கார்ந்து காதோரமாகச் சொன்னாள்: "அடுத்த பாஸ்காவுக்கு நான் இருப்பேனோ என்னமோ. இன்னைக்கு முழுக்க அவன் மூஞ்சிக்கு நேரே இருக்கப்போறேன். அவனுக்குச் சாப்பாடு எறங்குதான்னு பார்க்கணும்."

சராந்தோஸ் ஏறினார். பாஸ்கா நாற்பது நாளும் பார்த்தவர்களெல்லாம் சொல்லிக்கொள்வதைச் சொன்னார்: "கிறிஸ்து உயிர்த்தார், கும்பாரா."

"மெய்யாகவே உயிர்த்தார்," என்றாள். அதற்குப் பதில் சொல்லாமலிருந்தால் அவமதிப்பு ஆண்டவருக்கு, சராந்தோஸுக்கு அல்ல. "மத்தவங்களும் அப்படி எந்திரிச்சு வந்தா எவ்வளவு நல்லாருக்கும், என்ன கும்பாரே? சிலபேருக்குத்தான் கஷ்டமாப் போயிரும்."

அவர் சிரித்துவிட்டு முன்சீட்டில் ஃபோட்டிஸ் சாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மலையிலிருந்து இறங்கி, கடலோரமாகக் கலமாட்டாவைத் தாண்டி, மறுபடி ஏறி, பழைய மெஸ்ஸீனி இடிபாட்டுக்குப் போனோம். ஆளுக்கொரு பொட்டலம்: லலாங்கியா என்கிற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம், பாஸ்காவுக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டையில் மிச்சம், ஒலிவக்காய். பெண்கள் பாதி வழி தூங்கினார்கள். தியாமாந்தோ தூங்கவில்லை. முன்சீட்டில் தெரிந்த பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கோட்டைவாசலில் ஒரு பெரிய கல் சாய்ந்து கிடக்கிறது, ஒரே கல், எங்கள் பஸ் நீளம் இருக்கும். எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். இதை யார் தூக்கி வைத்திருப்பான் என்று சாமியார் ஆச்சரியப்பட்டார்.

"தூக்குனவன் கிடக்கட்டும் சாமி," என்றாள் தியாமாந்தோ. "இதை மூடணும்னா எத்தனை சாக்கு வேணும்? கும்பாரோவைக் கேளுங்க. அவருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியும்."

சாமியாருக்குப் புரியவில்லை. லாம்ப்ரோஸ் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான், அவனுக்கும் புரியவில்லை. சராந்தோஸுக்கு மட்டும் காது மடல் சிவந்தது. கீழே ஓட்டப்பந்தய மைதானத்தில் கல்படிகளில் பாப்பிப் பூ மண்டியிருந்தது. அவர் எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்தார்.

சாப்பாட்டில் ஆட்டுக்கறி. அவருக்கு இறங்கவில்லைதான், ஆனால் ஒயின் இறங்கியது. இறங்க இறங்க ஆள் இளகினார். எதிரே வந்து தியாமாந்தோ டம்ளரில் ஊற்றினார். "கும்பாரா, நாம என்ன அந்நியமா? உம்பொண்ணு எனக்கும் பொண்ணு." அவள் டம்ளரை எடுக்கவில்லை. ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றாள். அன்றைக்கு அவள் நன்றாகவே சாப்பிட்டாள்.

திரும்புகிற வழியில் ஒரு சின்ன ஊரில் மியூசியம். மூன்று அறை. பானை, விளக்கு, உடைந்த முகங்கள். கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புதைகுழியை அப்படியே மண்ணோடு பெயர்த்து வைத்திருந்தார்கள். உள்ளே எலும்பு, ஒருக்களித்துத் தூங்குகிற மாதிரி. காதிருந்த இடத்தில் இரண்டு பச்சை பிடித்த கம்மல்.

அங்கே வேலை பார்க்கிற பெண் மிர்தோ, ஏதென்ஸ்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். ரோடு அகலப்படுத்தும்போது கிடைத்தது என்றாள். பதினேழு பதினெட்டு வயசுப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் செத்திருக்கவேண்டும். கல்லில் பெயர் இல்லை.

எங்கள் பெண்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "ஐயோ கண்ணு," என்றாள் ஒருத்தி. இத்தனை காலமாக ஒருத்தரும் அழாமல் கிடக்கிறாளே.

"நீங்க மானிதானே," என்றாள் மிர்தோ. "உங்க பக்கத்து ஒப்பாரியைப் பத்திப் படிச்சிருக்கேன். நேர்ல கேட்டதே இல்லை."

பட்டணத்துப் பெண் ஒருத்தி இப்படிச் சொன்னால் சராந்தோஸால் சும்மா இருக்க முடியாது. உள்ளே ஒயின் வேறு. நாலு பேர் முன்னால் புகழ்ந்துவிட்டால் தியாமாந்தோவின் நாக்குக் கொஞ்சம் மழுங்கும் என்றும் நினைத்திருக்கலாம். கண்ணாடிக்குள் இருந்ததால் அதைச் செத்தவள் என்றே அவர் எண்ணவில்லை, காட்சிப்பொருள் என்றிருந்துவிட்டார். மார்பை நிமிர்த்தி, "மானி முழுக்கத் தேடினாலும் எங்க கும்பாரா மாதிரி ஒப்பாரிக்காரி கிடையாது" என்றார். "தியாமாந்தோ, நான் கேட்கிறேன். இந்தப் பொண்ணுக்கு ரெண்டு வார்த்தை பாடு."

தியாமாந்தோ எலும்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். சவப்பெட்டியின் பக்கத்தில் உட்காரும்போது கட்டுகிற கட்டு அது.

ஃபோட்டிஸ் சாமியாருக்கும் ஏதோ தோன்றியிருக்கவேண்டும். "பாஸ்கா காலமாச்சே," என்று இழுத்தார். "அதோட இவ ஞானஸ்நானம் வாங்காதவ..."

"அழைச்சாச்சு சாமி," என்றாள். "அழைச்சவர் தலைமாட்டுக்கு வரட்டும்."

அப்போதுதான் சராந்தோஸுக்கு உறைத்தது. சுற்றிலும் ஊர்ப் பெண்கள் வட்டமாக நின்றுவிட்டார்கள். அவர் போய் எலும்பின் தலைப்பக்கம் நின்றார், வேறு வழியில்லை. தியாமாந்தோ தரையில் உட்கார்ந்து கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள்.

*பேரில்லாப் பெண்கொடியே, பெத்தவளும் இல்லாம
கண்ணாடிக் கூட்டுக்குள்ளே காத்துப்படாக் கிடக்கிறியே.
காதுல கம்மலிட்டுக் கல்யாணம் காணாம
ஆரு உனக்கழுதா, ஆரு மண்ணுப் போட்டாரோ.*

பெண்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். மிர்தோ வாயில் கைவைத்து நின்றாள்.

*எனக்கும் ஒருத்தியம்மா, உன் வயசு ஒத்திருப்பா.
வாழ வரும் மகளுக்கு வாசக்கல்லு நட்டுவெக்கத்
தோண்டின குழியிலே தூங்குச்சு வெள்ளைக்கல்லு.
சாக்கெடுத்து மூடினவர் சாமிசாட்சி ரெண்டுபேரு.
ஒருத்தர் எம்புருஷர், மண்ணுக்குள்ளே போயிட்டாரு.
மத்தவர் தலைமாட்டில் மரம்போல நிக்கிறாரு.*

பெண்கள் வாங்கிப் பாடவில்லை.

*தொட்டித் தண்ணியிலே தூக்கி எடுத்த கை,
எண்ணெய் பூசியதும் இதே கை, இதே கை,
சேதி சொல்லிவிட்டுச் செங்கல்லைப் பிடுங்கிய கை.
சராந்தோ, சராந்தோ, நான் பெத்த பூவைக் கிள்ளி
உன் மகள் தலைக்குமேலே கிரீடமாக் கட்டினியே.
கட்டின பூ வாடலையே, என் வயிறு வாடிருச்சே.*

சராந்தோஸ் முகம் சுண்ணாம்பாக இருந்தது. வாசல் ஐந்தடி தூரத்தில்தான். ஒரு கால் அந்தப் பக்கம் திரும்பியது. எல்லோருடைய கண்ணும் அந்தக் காலைப் பார்த்தது. அவர் காலை இழுத்துக்கொண்டார். அவள் அவசரப்படவில்லை. எலும்புப் பெண்ணிடம் திரும்பிப் போய், பாட்டிலேயே அவள் முடியைச் சீவினாள், அவளுக்குத் துளசி வைத்தாள், அவளை மணவறைக்கு அனுப்பினாள். பிறகு மறுபடி அவரிடம் வந்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசி அடி முடிந்தபோது, அவளுக்கே எழுந்திருக்க முடியவில்லை, நான் தூக்கிவிட்டேன்.

சராந்தோஸ் மறுக்கவில்லை. ஒப்பாரிக்கு மறுப்புச் சொல்ல ஆண்களுக்கு வாய் கிடையாது. அப்படிச் சொல்லலாம் என்றிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார்?

வெளியே பஸ்ஸடியில் லாம்ப்ரோஸ் நின்றான். அவன் அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறான்.

"அத்தை, லெமோனியாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"உனக்கு அப்பவே குழந்தை பிறந்தாச்சு. லெமோனியாதான் விடும்மான்னுட்டா. அவ விட்டா. நான் விடலை."

அவன் ஏறி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான். சராந்தோஸ் வந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தார். "பின்னாடி போங்க மாமா," என்றான், திரும்பிப் பார்க்காமல். எங்கள் கமிட்டித் தலைவர் கடைசி வரிசையில், மிச்சப் பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார். கலமாட்டாவில் பஸ் நின்றபோது அவர் எங்கள் சீட்டைத் தாண்டினார். குனிந்து மெல்லக் கேட்டார்: "திருப்தியா கும்பாரா? முடிஞ்சுதா?"

"அது அந்தப் பொண்ணுக்குப் பாடினது," என்றாள். "உங்களுக்கு இன்னும் பாடலையே."

அதிலிருந்து லாம்ப்ரோஸ் மாமனார் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தெஸ்பூலா பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறாள். கமிட்டிக்கு வேறு தலைவர். காப்பிக்கடையில் சராந்தோஸ் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. தெஸ்பூலா ஒருநாள் கோயிலில் மாதா படத்தடியில் அழுதுகொண்டிருந்தாள். அவள் என்ன பாவம் செய்தாள்? மனசு கேட்காமல் தியாமாந்தோவிடம் போய்ச் சொன்னேன். நடந்தது போதும், ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல் என்றேன்.

அவள் அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தாள். "இவ இங்க அழறா, உனக்குக் கேட்குது. என் மக கடலுக்கு அந்தப் பக்கம் போயி அழுதா. உனக்குக் கேட்கலை, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

டாக்டர் பயமுறுத்திய நெஞ்சு இந்தப் பாஸ்காவையும் தாண்டிவிட்டது. அவளுக்கு முகத்தில் நிறம் கூட வந்திருக்கிறது. சராந்தோஸ்தான் வெங்காயத்தை விட்டுவிட்டார், ஆள் பாதியாகிவிட்டார். போன மாதம் ஏதென்ஸிலிருக்கும் மகனிடம் போய், அங்கேயே கல்லறைக்கு இடம் பார்த்து வைத்துவிட்டு வந்தாராம். ஊரில் புதைக்கவேண்டாம், ஒப்பாரிக்குப் பெண்களை யாரும் அழைக்கவேண்டாம், சாமியார் ஜெபித்தால் போதும் என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மானியில் பிறந்தவன் ஒப்பாரி இல்லாமல் போவதற்கு ஏற்பாடு செய்தான் என்று நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான்தான் இதைத் தியாமாந்தோவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன், அவளுக்கும் மனசு இளகட்டும் என்று. அவள் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். திரியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏதென்ஸுக்குக் காலையில ஒரு பஸ் இருக்கு," என்றாள்.